எஞ்சின் நின்றுவிட்டால் எங்கே இறங்குவது? நாஞ்சில் நாட்டு வயல்களை வைத்து ஒரு கணக்கு

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் நான் வயல்களுக்கு மார்க் போட்டுக்கொண்டே வருவேன். இது தேறும், இது தேறாது, இதன் நடுவே கரண்ட் கம்பி போகிறது, அதற்கு வரப்பு உயரம். நான் ஏதோ நிலம் வாங்கப் பார்க்கிறேன் என்று என் மனைவி ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வசதியெல்லாம் இல்லை. ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டப் பழகியவனுக்கு ஒட்டிக்கொள்ளும் வியாதி இது, எங்கே போனாலும் கண் இறங்குவதற்கு இடம் தேடும்.

நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. மேற்கே போனால் திருவனந்தபுரம், கிழக்கே போனால் தூத்துக்குடி. ஆனாலும் மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துப் பிள்ளைகள் வெளியூர் ஃப்ளையிங் ஸ்கூல்களில் போய்ச் சேருகிறார்கள், சேருவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "அண்ணா, மேல போய் எஞ்சின் நின்னுட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்கிறார்கள். நின்று நின்று பதில் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பழகியது கார்புரேட்டர் வைத்த பழைய செஸ்னா 172, அதனால் இங்கே வரும் எண்கள் அந்த ரகத்துக்கானவை. உங்கள் விமானத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடுகிறேன். எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது. அது சறுக்கிக்கொண்டு இறங்கும், 9 அடி முன்னே போனால் 1 அடி கீழே என்ற கணக்கில். இந்தக் கணக்கு நடக்க வேண்டுமானால் வேகம் சரியாக இருக்க வேண்டும், 172-க்கு அது சுமார் 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் நின்றுபோன எஞ்சின் அல்ல, அதற்குப் பிறகு கை செய்கிற காரியம்தான். தரை கிட்டே வருவதைப் பார்த்ததும் கை தானாகவே மூக்கைத் தூக்கும், வேகம் குறையும், இறக்கை தாங்குவதை நிறுத்திவிடும். அதைத்தான் ஸ்டால் என்கிறோம். ஸ்டாலான விமானம் சறுக்காது, விழும்.

குளச்சலில் வள்ளம் வைத்திருந்த என் சித்தப்பாவுக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தை அவரைவிட நன்றாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கடலில் எஞ்சின் நின்றால் முதலில் பிளக்கைக் கழற்றப் போகாதே மக்கா, துடுப்பைப் போட்டு அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தை, அலைக்கு நேரே பிடி, வள்ளம் குறுக்கே திரும்பிவிட்டால் நீ சரிசெய்த எஞ்சினோடு சேர்ந்து கவிழ்வாய் என்பார். விமானத்திலும் அதே வரிசைதான். முதலில் வேகம். அப்புறம் இடம். அதன் பிறகுதான் எஞ்சினுக்கு என்ன ஆயிற்று என்ற ஆராய்ச்சி.

நான் முதல் தடவை இதைச் சொதப்பிய கதையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் ஒருநாள் 3000 அடியில் ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல், எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்கப் பின்னால் இழுத்துவிட்டார். நான் உடனே குனிந்து செக்லிஸ்டைத் தேடினேன். நிமிர்ந்தபோது வேகம் 52 நாட். பதறி மூக்கை இறக்கி, கண்ணில் பட்ட முதல் பச்சைச் சதுரத்தைக் காட்டி "அங்கே" என்றேன். 500 அடிக்கு வந்தபோதுதான் அதன் குறுக்கே மின்கம்பி போவது தெரிந்தது. ஆசிரியர் த்ராட்டிலைத் திரும்ப முன்னால் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு. மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியவே தெரியாது. கம்பங்கள் வரிசையாக நின்றால் நடுவில் கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, எவ்வளவு தூரம் போகலாம்? காற்றில்லாத நாளில் 1000 அடி உயரத்துக்கு சுமார் ஒன்றரை கடல் மைல், அதாவது 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாகர்கோவில் மேலே 3000 அடியில் எஞ்சின் நின்றால் 8 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் உங்களுடையது. சுசீந்திரம் வந்துவிடும், கன்னியாகுமரி வராது. கையில் இருப்பது சுமார் 4 நிமிடம். கேட்க நிறைய நேரம் மாதிரி இருக்கும், அங்கே உட்கார்ந்து பார்த்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் தரை வந்துவிடும்.

ஆனால் நம் ஊரில் காற்றில்லாத நாள் எது? ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று எப்படி என்று முப்பந்தலில் காற்றாலைகளை நட்டவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் பைக்கில் போய் வழுக்கியவர்களுக்கும் தெரியும். எதிர்காற்று 25 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 3000 அடியிலிருந்து மேற்கே திரும்பினால் 5 கிலோமீட்டர்தான் போவீர்கள், கிழக்கே திரும்பினால் 11 கிலோமீட்டர். ஆக இடம் தேடும்போது காற்று போகிற பக்கம் தேடுங்கள், இறங்கும்போது மட்டும் காற்றை எதிர்த்து இறங்குங்கள்.

எதிர்த்து இறங்குவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 50 நாட் வேகத்தில் தரையைத் தொடுகிறீர்கள், காற்று 20 நாட். எதிர்த்து இறங்கினால் தரையோடு உங்கள் வேகம் 30, காற்றோடு இறங்கினால் 70. மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே இரண்டாவது முதலாவதைவிட ஐந்து மடங்குக்கு மேல். அதே வயல், அதே விமானம், திரும்பிய பக்கம் மட்டும்தான் வேறு.

காற்று எந்தப் பக்கம் என்று மேலிருந்து கண்டுபிடிக்க நம் மாவட்டம் மாதிரி வசதியான இடம் குறைவு. காற்றாலையின் இறக்கைகள் காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கும், அது பார்க்கிற பக்கம் நோக்கி இறங்குங்கள். காற்றாலை இல்லாத பக்கம் குளத்தைப் பாருங்கள். காற்று வருகிற பக்கத்துக் கரையை ஒட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், எதிர்க்கரையில் சிற்றலை அடிக்கும். தேரூர்க் குளத்தின் கரையில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் இது மறக்கவே மறக்காது. செங்கல் சூளைப் புகை, தென்னை ஓலை சாயும் பக்கம் எல்லாம் உண்டுதான், என் ஓட்டு குளத்துக்கு.

இனி இடம். இதை மேலே போய் யோசிக்கக் கூடாது என்பதுதான் இவ்வளவு நீளமாக நான் எழுதுவதற்கே காரணம்.

நெல்வயல்தான் முதல் எண்ணம், ஆனால் எந்த மாதத்து வயல் என்று கேளுங்கள். கன்னிப்பூ என்கிற முதல் போக அறுப்பு முடிந்து தாள் மட்டும் நிற்கிற காய்ந்த வயல் என்றால் நல்ல இடம், கும்பப்பூ என்கிற இரண்டாம் போக அறுப்பு முடிந்து வெயில் ஏறிய வயல் அதைவிட நல்லது. நடவு முடிந்து தண்ணீர் நிற்கிற வயல் மேலிருந்து வழவழவென்று பச்சைக் கம்பளம் மாதிரி ஆசை காட்டும், முன் சக்கரம் சேற்றில் புதைந்ததும் விமானம் குப்புறக் கவிழும். வேறு வழியில்லாமல் அதில்தான் இறங்க வேண்டும் என்றால் முன் சக்கரத்தை முடிந்தவரை தூக்கிப் பிடித்து, மிகக் குறைந்த வேகத்தில் தொடுங்கள். பெரும்பாலும் உயிரோடு நடந்து வெளியே வரலாம், கால் முழுக்கச் சேறாக. வரப்புக்குக் குறுக்கே இறங்காமல் நீளவாக்கில் இறங்க இடமிருந்தால் அப்படியே செய்யுங்கள். ஆனால் வரப்புக்காகக் காற்றை முதுகில் வாங்காதீர்கள்.

தென்னந்தோப்பு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு மரமும் ஒரு தூண். குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் தோட்டங்கள் மேலிருந்து பஞ்சு மெத்தை மாதிரித் தெரியும், ஆனால் அந்த மெத்தைக்குக் கீழே உயரமான மொட்டைத் தண்டுகளும் அதற்குக் கீழே சரிவும்தான் இருக்கின்றன. மரத்தின் மேல் இறங்கியே ஆக வேண்டும் என்றால் குட்டையாக, அடர்த்தியாக, கிளை பரப்பி நிற்கிற மரங்களைத் தேர்ந்து, இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃப்ளாப்பை முழுக்கப் போட்டு, காற்றை எதிர்த்து, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, கிளைகளுக்குள் உட்காருவது மாதிரிப் போக வேண்டும் என்பது பொது விதி. அந்த விதியைத் தென்னையும் முதிர்ந்த ரப்பரும் பூர்த்தி செய்யாது. வாழைத் தோட்டம் எவ்வளவோ மேல். ஏத்தனோ செவ்வாழையோ, தண்டு முழுக்கத் தண்ணீர்தான், வரிசையாக முறிந்து முறிந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். இடையில் ஓடுகிற வாய்க்கால்தான் பயம். இது என் சொந்தக் கருத்து, எந்தக் கையேட்டிலும் வாழையைப் பற்றி எழுதவில்லை.

புத்தளம், மணக்குடி பக்கத்து உப்பளம் தட்டையாக இருக்கும், பாத்திக் கரைகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும், சுற்றிலும் வேறு ஒன்றும் இல்லையென்றால் பார்க்கலாம். நெடுஞ்சாலையை நம்ப வேண்டாம், பஸ்ஸும் லாரியும் உங்களுக்காக ஒதுங்காது, குறுக்கே கம்பியும் இருக்கும். ரயில் பாதைக்கு மேலே மின்கம்பி. பள்ளி மைதானம் மேலிருந்து பார்க்கும்போது பெரிதாகத் தெரியும், அதில் பிள்ளைகள் இருப்பது 200 அடியில்தான் தெரியும். அதைத் தொடவே கூடாது.

கடற்கரை எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். சொத்தவிளை, சங்குத்துறை மாதிரி இடங்களில் அலை வந்து நனைத்துவிட்டுப் போன மணல் இறுகிக் கெட்டியாக இருக்கும், மேலே உள்ள காய்ந்த மணல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். நம் கரையில் பல இடங்களில் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள், பாறாங்கல்லை அடுக்கிக் கடலுக்குள் நீட்டிய சுவர் அது. கரையோரச் சுவர்களும் உண்டு. முட்டத்தில் இயற்கையே பாறையைப் போட்டு வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் எந்தக் கரையிலும் ஆள் இருக்கும், அப்போது கரையை ஒட்டி ஆழமில்லாத தண்ணீரில் இறங்குவதுதான் மரியாதை.

தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் அலை வரிசைக்கு இணையாக இறங்குங்கள், எதிரே வரும் அலையில் மூக்கைக் குத்த வேண்டாம். 172-இன் சக்கரங்களை மடக்க முடியாது, தண்ணீரில் பட்டதும் விமானம் கவிழ வாய்ப்பு அதிகம், ஆகவே கதவை முன்னாலேயே திறந்து வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டை வெளியே வந்த பிறகு ஊதுங்கள், உள்ளேயே ஊதினால் அது உங்களைக் கூரையோடு ஒட்டி வைத்துவிடும். பக்கத்தில் வள்ளம் தெரிந்தால் அதன் அருகே இறங்குங்கள். எந்தப் படையும் வருவதற்கு முன்னால் நம் மீனவர்கள் வந்து தூக்கிவிடுவார்கள்.

இடத்தைத் தேர்ந்துவிட்டீர்கள், உயரம் இருக்கிறது, விமானம் 65-இல் நிற்கிறது, கை எடுத்தாலும் அந்த வேகத்திலேயே நிற்கும்படி ட்ரிம் போட்டாயிற்று. இப்போது எஞ்சினுக்கு வரலாம். முதலில் கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் பிடியை, இழுங்கள். எந்த டேங்க் என்று தேர்கிற ஃபியூயல் செலக்டர் இரண்டு டேங்கிலும் இருக்கிறதா, காற்றில் பெட்ரோல் கலக்கும் அளவைக் காட்டும் மிக்ஸ்சர் ரிச்சில் (பெட்ரோல் அதிகமாக) இருக்கிறதா, தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களின் சாவி இரண்டிலும் இருக்கிறதா, கையால் பெட்ரோல் ஊட்டும் ப்ரைமர் உள்ளே பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தால் எஞ்சின் தானாகவே பிடித்துக்கொள்ளும், நின்றுவிட்டிருந்தால் ஸ்டார்டரைப் போடுங்கள். இதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும், காகிதத்தைப் பார்ப்பது உயரம் மிச்சமிருந்தால் மட்டும்.

கார்ப் ஹீட் ஏன் முதலில்? நம்ம ஊர் வெயிலில் ஐஸா என்று நானும் சிரித்தவன்தான். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பம் சட்டென்று இறங்குகிறது, காற்றில் ஈரம் இருந்தால் அங்கே உறைகிறது. வெளியே 38 டிகிரியாகவே இருந்தாலும், ஈரப்பதம் 50 சதவீதமே இருந்தாலும் இது நடக்கலாம் என்று அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ தன் பயிற்சிக் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறது. கடலோரக் காலையில் நம் ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டாம். சத்தமில்லாமல் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) குறைவதுதான் முதல் அடையாளம். கார்ப் ஹீட்டை இழுத்ததும் எஞ்சின் இன்னும் மோசமாகக் குலுங்கும், உருகிய தண்ணீர் உள்ளே போவதால். அப்போது பயந்துபோய்த் திரும்பத் தள்ளிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் ஆர்பிஎம் ஏறும்.

மற்றபடி எஞ்சின் நிற்பதற்கான காரணங்களில் வெட்கக்கேடானது எரிபொருள் தீர்வது. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் சறுக்கியே இறங்கியது. லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டிய இடத்தில் பவுண்டுக்கான எண்ணைப் போட்டதுதான் காரணம். அவ்வளவு பெரிய விமானத்துக்கே அப்படி என்றால், நம் 172-இல் அளவுமானியை நம்பாமல் இறக்கை மேல் ஏறிக் குச்சியை விட்டுப் பாருங்கள். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், 100எல்எல் என்கிற விமானப் பெட்ரோல் நீலமாக இருக்கும், தண்ணீர் இருந்தால் அடியில் முத்து மாதிரி உருளும். மழைக்காலத்தில் வெளியே நிறுத்திய விமானம் என்றால் முத்து நிச்சயம் என்றே நினைத்து வடியுங்கள்.

புறப்பட்ட உடனே எஞ்சின் நின்றால்? நேரே முன்னால் இறங்குங்கள், இடமும் வலமும் 30 டிகிரிக்குள் எது மோசம் குறைவோ அதில். ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசை பல பேரை விழுங்கியிருக்கிறது. திரும்புவது 180 டிகிரி என்று நினைப்போம், ஓடுபாதையோடு நேராக வர அதைவிட நிறையத் திரும்ப வேண்டும். 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும், 60 டிகிரி என்றால் 41 சதவீதம், கையிலோ உயரமே இல்லை. எத்தனை அடிக்கு மேல் திரும்பலாம் என்பதை ஓடுபாதையில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை ஆசிரியரோடு உயரத்தில் செய்து பார்த்து முடிவு செய்யுங்கள், யாரோ சொன்னது வேண்டாம்.

பாதி சக்தி போவது இன்னும் விஷமம். புறப்படும் நேரத்தில் முழுதாக நிற்பதைவிடப் பாதி போவது மூன்று மடங்கு அதிகம் என்று ஆஸ்திரேலிய விபத்துப் புலனாய்வு அமைப்பு கணக்கெடுத்துச் சொன்னது. முழுதாக நின்றால் முடிவெடுக்க வேண்டியதே இல்லை. பாதி ஓடினால் நம்பிக்கை வரும், இந்த மரத்தைத் தாண்டிவிடலாம், அந்த மலையைத் தாண்டிவிடலாம் என்று. தாண்ட வேண்டாம். அது எந்த நிமிடமும் முழுதாக நிற்கும் என்று வைத்துக்கொண்டு, ஓடுகிற வரைக்கும் நல்ல வயலுக்கு மேலேயே இருங்கள்.

இதற்கிடையில் ரேடியோவில் மேடே, அதாவது ஆபத்து அழைப்பு. பேசிக்கொண்டிருக்கிற அலைவரிசையிலேயே சொல்லுங்கள், பதில் இல்லையென்றால் 121.5, ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரில் 7700. யார், எங்கே, எவ்வளவு உயரம், எத்தனை பேர், எதில் இறங்கப் போகிறீர்கள், அவ்வளவு போதும். "தோவாளைக்குத் தெற்கே 2 மைல், 1800 அடி, வயலில் இறங்குகிறேன், 2 பேர்." கீழே இருப்பவர் கேள்வி மேல் கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமை இல்லை, விமானத்தை ஓட்டுங்கள்.

கடைசி 1000 அடியில் வயலின் தொடக்கத்தைக் குறி வைக்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு உள்ளே குறி வையுங்கள். உயரம் அதிகமாக இருந்தால் ஃப்ளாப்பாலும் பக்கவாட்டுச் சறுக்கலாலும் குறைக்கலாம், குறைந்துபோன உயரத்தைக் கூட்ட ஒரு வழியும் இல்லை. எட்டும் என்று உறுதியான பிறகு மிக்ஸ்சரை இழுத்து, செலக்டரை மூடி, மேக்னெட்டோவை அணையுங்கள். 172-இன் ஃப்ளாப் கரண்டில் ஓடுவது, ஆகவே மொத்தக் கரண்டையும் நிறுத்தும் மாஸ்டர் ஸ்விட்சை ஃப்ளாப் முழுக்க இறங்கிய பிறகே அணையுங்கள். இடுப்பு வார், தோள் வார் இழுத்துக் கட்டுங்கள், கதவுத் தாழைத் திறந்து விடுங்கள், தொட்டதும் நன்றாக பிரேக் பிடியுங்கள்.

முன்னால் இடம் போதாது என்று தெரிந்தால் விமானத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அது இந்த நேரத்தில் இன்ஷூரன்ஸ்காரனுடைய சொத்து. 9 ஜி விசையில், அதாவது உடல் எடையைப் போல 9 மடங்கு விசையில், சீராக வேகம் குறைந்தால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து முழுதாக நிற்க 3 மீட்டருக்கும் குறைவான தூரம் போதும். 160 என்றால் 11 மீட்டருக்கு மேல் வேண்டும். இறக்கையும் சக்கரமும் புதரிலும் வரப்பிலும் மோதி உடையட்டும், அவை உடைகிற தூரமெல்லாம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கூண்டுக்கு லாபம்.

நின்றதும் வெளியே வந்து காற்று வருகிற பக்கமாக விலகி நில்லுங்கள். 112-க்கு அழையுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஐந்து நிமிடத்தில் ஊரே திரண்டுவிடும், பாதிப் பேர் கையில் போன், இரண்டொருவர் வாயில் பீடி. பெட்ரோல் ஒழுகும், பீடியை முதலில் அணைக்கச் சொல்லுங்கள், இறக்கையில் ஏறி செல்ஃபி எடுக்க வருகிறவனை இறக்கிவிடுங்கள். ஆளைக் காப்பாற்றவோ தீயை அணைக்கவோ தவிர விமானத்தை நகர்த்தக் கூடாது, விபத்துப் புலனாய்வுக்காரர்கள் வந்து பார்க்கும்வரை அது அப்படியே கிடக்க வேண்டும். வயல்காரர் வந்து பயிரைப் பற்றிக் கேட்பார். கேட்கத்தான் செய்வார், அவர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் தண்ணீர் குடிக்கிறீர்களா என்பதாக இருக்கும், வாங்கிக் குடியுங்கள்.